ட்ஸைட்லர் என்றால் என்ன தொழில்?

கேள்வி: நான் கோவைக்காரி. ஆறு வருடமாக லைப்சிக்கில் இருக்கிறேன். கணவர் ஜெர்மானியர். அவர்களுடைய குடும்பப் பெயர் ட்ஸைட்லர். இன்னும் மூன்று மாதத்தில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அதற்கும் இதுதான் கடைசிப் பெயர். பொருள் தெரியாத ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கணவரைக் கேட்டால் 'ஏதோ பழைய தொழில்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாமியார், 'அபூர்வமான பெயர், இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வம்சம்' என்கிறார். மாமனாரின் அப்பா, அன்று ஜெர்மனியில் இருந்து இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சைலீசியாவிலிருந்து 1946இல் வெளியேற்றப்பட்டு இங்கே வந்தவராம். ஊரில் என் அம்மா, 'தொழிலை வைத்துப் பேர் என்றால் அது சாதிப் பேர்தானே?' என்று கேட்கிறார். இதற்கிடையில், பணம் கட்டினால் ட்ஸைட்லர் குடும்பச் சின்னத்தை ஃபிரேம் போட்டு அனுப்புவதாக ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். காட்டுக்குள் உயிரோடு நிற்கும் மரத்தில் தேனீக்களுக்குப் பொந்து குடைந்து வைத்து, அதிலிருந்து தேனும் மெழுகும் எடுத்தவர்தான் ட்ஸைட்லர். பிள்ளைக்குத் தயங்காமல் வைக்கலாம். ஜெர்மன் தொழிற்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று. டிரெஸ்டனில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் படித்துக் குடும்ப வரலாறு தேடித் தருவதுதான் என் பிழைப்பு. எத்தனையோ மில்லர்களையும் ஷ்மிட்களையும் பார்த்தாயிற்று. ஒரு ட்ஸைட்லர் கண்ணில் பட்டால் மட்டும் இன்னும் நிமிர்ந்து உட்காருகிறேன்.

தேன் எடுக்கிறவர் என்றதும் பாறையில் கயிறு கட்டி இறங்குகிறவர் நம் நினைவுக்கு வருவார். ட்ஸைட்லரின் வேலை வேறு மாதிரி. தேன் எடுப்பது அதில் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நல்ல தடிமனான, வயதான பைன் மரமாகத் தேட வேண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில், நம் கணக்கில் இரண்டு மாடி உயரத்தில், கயிற்றில் தொங்கியபடி மரத்தைக் குடைய வேண்டும். குடைந்த வாயைப் பலகையால் மூடி, தேனீ போய்வர ஒரு சின்னத் துளை விட வேண்டும். குடைந்த மரம் காற்றில் முறிந்துவிடாமல் இருக்க உச்சியை வெட்டிவிடுவதும் உண்டு. இவ்வளவும் செய்த பிறகு, காத்திருக்க வேண்டும். கூட்டம் வந்து குடியேறுவது தேனீயின் விருப்பம். வந்தால், அடைகளில் ஒரு பங்கை வெட்டி எடுத்துக்கொண்டு, கூட்டம் பிழைக்கும் அளவுக்கு மிச்சம் வைத்துவிட்டு இறங்க வேண்டும். ஒரு மரம் தலைமுறை தலைமுறையாகத் தேன் தரும். அப்பா குடைந்த பொந்தில் மகன் தேன் எடுப்பான். அந்த மரம் இன்னாருடையது என்று பட்டையில் அடையாளம் வெட்டி வைப்பார்கள்.

அடையை வெட்டி எடுப்பதற்கு ஜெர்மனில் 'ட்ஸைடல்ன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. வேர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. பழைய உயர் ஜெர்மனில் 'ஸீடலாரி' என்ற வடிவத்திலேயே இந்தத் தொழிலாளியின் பெயர் கிடைக்கிறது. வடக்கிலிருந்து பரவிய 'இம்கர்' என்ற சொல்தான் இன்று தேனீ வளர்ப்பவரைக் குறிக்கிறது. காட்டுத் தேன் தொழில் அழிந்ததும் ட்ஸைடல்ன் என்ற வினையும் பேச்சிலிருந்து போய்விட்டது. சொல் போன பிறகும் பெயர் மட்டும் ஆட்களோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. உங்கள் கணவருக்குப் பொருள் தெரியாததை ஒரு குறையாக எண்ண வேண்டாம். பெயரைச் சுமக்கிற பலருக்கும் தெரியாது. மாமியாருக்கு அது அபூர்வமாகத் தோன்றுவதற்கும் பாதிக் காரணம் இதுதான். மில்லர் என்றால் மாவு அரைப்பவர், ஷ்னைடர் என்றால் தையற்காரர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். புரியாத பெயர், எண்ணிக்கையில் எத்தனை பேர் இருந்தாலும், தனித்து நிற்பதுபோலத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று தெரிந்துகொள்ள நியூரம்பர்க் பக்கம் வர வேண்டும். உங்கள் கணவரின் ஊர் அது கிடையாது, தெரியும். ஆனால் ட்ஸைட்லர்களைப் பற்றிய ஆவணங்கள் அங்கேதான் செழிப்பாகக் கிடைக்கின்றன. நகரத்தைச் சுற்றி, பெக்னிட்ஸ் ஆற்றுக்கு வடக்கே ஸெபால்ட் காடு, தெற்கே லோரன்ஸ் காடு. இரண்டும் பேரரசின் காடுகள். 'புனித ரோமப் பேரரசின் தேனீத் தோட்டம்' என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. 1350இல் மன்னர் நான்காம் கார்ல் இந்தக் காடுகளின் ட்ஸைட்லர்களுக்குத் தனி உரிமைகள் எழுதிக் கொடுத்தார். அவர்களுக்குள் வழக்கு வந்தால் விசாரிக்க ஃபாய்ஹ்ட் என்ற ஊரில் அவர்களுக்கென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. பேரரசின் நகரங்களில் சுங்கம் கட்டாமல் போய்வரலாம். பதிலுக்குக் காட்டு நிர்வாகத்துக்குத் தேனாகவோ பணமாகவோ செலுத்த வேண்டும். பேரரசர் அந்தப் பக்கம் வந்தால் குறுக்குவில்லோடு காவல் போக வேண்டும். பழைய படங்களில் ட்ஸைட்லர் தோளில் குறுக்குவில்லோடு நிற்பது அதனால்தான். ஆயுதம் தாங்கும் உரிமை சாதாரணக் குடியானவனுக்குக் கிடைக்காத காலம் அது.

ஒரு தேன் எடுப்பவருக்கு ஏன் இவ்வளவு? அந்தக் காலத்து ஐரோப்பாவில் இனிப்பு என்றால் பெரும்பாலும் தேன்தான். கரும்புச் சர்க்கரை மருந்துபோல விற்ற விலையுயர்ந்த சரக்கு. தேனைவிடவும் மெழுகு முக்கியம். தேவாலயத்தின் பலிபீடத்தில் எரிய வேண்டியது தேன்மெழுகு மெழுகுவர்த்தி. கொழுப்பில் செய்தது புகையும், நாறும். ஊருக்கு ஊர் கோயில், கோயிலுக்குக் கோயில் நாள் முழுக்க விளக்கு. நியூரம்பர்க்கின் லெப்கூஹன் என்ற வாசனைத் தேன் ரொட்டி உலகப் புகழ் பெற்றதற்கும் இந்தக் காட்டுத் தேனும், நகரத்து வணிகர்கள் கொண்டுவந்த வாசனைப் பொருள்களும் சேர்ந்ததே காரணம். டிசம்பரில் லைப்சிக் கிறிஸ்துமஸ் சந்தையில் அதை வாங்கித் தின்னும்போது, உங்கள் பிள்ளையின் பெயர் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போயிற்று. 1525இல் நியூரம்பர்க் கத்தோலிக்கத்தை விட்டு மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்ததும் மெழுகுவர்த்தித் தேவை இறங்கியது. விறகுக்கும் கரிக்கும் கட்டடத்துக்கும் மரம் வேண்டியிருந்தது. பொந்துக்காக நூறு வருடம் ஒரு மரத்தை நிற்க விடுவது காட்டுக்காரனுக்கு வீணாகத் தெரிந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் கிராமங்களையே காலி செய்தது. கடைசியாகச் சர்க்கரை. 1747இல் பெர்லினில் மார்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கில் இருப்பது கரும்பில் உள்ள அதே சர்க்கரைதான் என்று காட்டினார். அவருடைய மாணவர் ஆஹார்ட், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் முதல் பீட் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். எங்கே தெரியுமா? சைலீசியாவில், கூனர்ன் என்ற ஊரில். உங்கள் கணவரின் பூட்டன்மார் வாழ்ந்த அதே மாகாணத்தில்.

சரி, சைலீசியாவுக்கு வந்துவிட்டோம். உங்கள் குடும்பத்தை அங்கிருந்துதான் பிடிக்க வேண்டும்.

ட்ஸைட்லர் என்ற வடிவம் லைப்சிக் இருக்கும் சாக்சனி, அதை ஒட்டிய லௌஸிட்ஸ், சைலீசியா, இன்றைய செக் நாட்டின் வட பொகீமியா என்ற கிழக்குப் பட்டையில் வலுவாகக் காணப்படும் பெயர். பவேரியாவின் வடகிழக்கில், ஃபிக்டல் மலைகளையும் மேல் பலாட்டினேட்டையும் ஒட்டி, இதன் இரட்டை வடிவம் ஒன்று உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உங்கள் பெயரில் நடுவே வருவது 'வண்டி'யில் வரும் மெல்லிய ட, அங்கே 'பட்ட'த்தில் வரும் வலிய ட. ஜெர்மனில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. ஆனால் சாக்சனியிலும் நியூரம்பர்க் இருக்கும் ஃபிராங்கோனியாவிலும் வட்டாரப் பேச்சில் இந்த இரண்டு ஒலிகளும் கலந்துவிடும். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆள், ஞானஸ்நானப் பதிவில் ஒரு மாதிரியும் திருமணப் பதிவில் இன்னொரு மாதிரியும் இருப்பார். ஒரே எழுத்தை இரண்டு விதமாக ஒலித்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எழுத்துக் கூட்டலை வைத்து 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்று யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை இதற்கு நேர் எதிரானது. ஸைட்லர் என்று, தொடக்கத்தில் ட் இல்லாமல், வேறொரு பெயர் இருக்கிறது. பட்டு நெய்பவரிலிருந்தோ, ஸைடல் என்ற ஆட்பெயரிலிருந்தோ வந்ததாக அதற்கு விளக்கம் சொல்வார்கள். தேனீக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்துக்காகத் தேடியபோது, ஒரு பதிவின் முதல் எழுத்தைத் தப்பாகப் படித்து, மூன்று மாதம் ஸைட்லர் வீட்டுப் பிள்ளைகளை ட்ஸைட்லர் வம்ச மரத்தில் தொங்கவிட்டேன். அந்தக் குடும்பத்தார் என்னை நம்பி உறவினர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து, ஒரு பதிவை மட்டும் நம்பி அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. குறைந்தது இரண்டாவது சான்று ஒன்று வேண்டும்.

கிழக்குப் பட்டையில் காட்டுத் தேன் தொழில் பவேரியாவுக்குக் குறைந்ததில்லை. லௌஸிட்ஸில் முஸ்காவ் காட்டில் ட்ஸைட்லர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து, விதிமுறை எழுதி வாழ்ந்தார்கள். அங்கே ஜெர்மன் பேசுகிறவர்களும் ஸோர்ப் என்ற ஸ்லாவிய மொழி பேசுகிறவர்களும் கலந்து இருந்தார்கள். ஸ்லாவிய மொழிகளில் இந்தத் தொழிலாளிக்கு வேறு பெயர்: போலிஷில் பார்ட்னிக், செக்கில் ப்ர்ட்னிக். பார்ட்னிக் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் போலந்தில் இன்றும் இருக்கிறார்கள். பொருளில் அவர்கள் உங்கள் வீட்டுக்காரர்கள்தான். போலந்திலும் பெலாருஸிலும் மரப்பொந்துத் தேன் தொழில் முற்றாகச் சாகவில்லை. 2020இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சாக்சனி எல்லையை அடுத்து, செக் நாட்டில் ப்ர்ட்னிகி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அதன் ஜெர்மன் பெயர் என்ன தெரியுமா? ட்ஸைட்லர். ஊரின் செக் பெயரும் ஜெர்மன் பெயரும் ஒரே தொழிலைத்தான் சொல்கின்றன. ஜெர்மன் குடும்பப் பெயர்களில் கணிசமானவை வந்த ஊரை வைத்து ஏற்பட்டவை. ஆகவே அந்தக் கிராமத்திலிருந்து குடிபெயர்ந்த ஒருவனைப் புதிய ஊர்க்காரர்கள் 'ட்ஸைட்லர்' என்று அழைத்திருக்கவும் கூடும். அவன் தச்சனாகவோ உழவனாகவோ இருந்திருக்கலாம். உங்கள் கணவரின் பெயர் தொழிலிலிருந்து நேராக வந்ததா, இந்த ஊர் வழியாக வந்ததா என்பதைப் பெயரை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குடும்பம் எந்த ஊரில் முதலில் தென்படுகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகே பேச முடியும்.

இனி மாமியார் சொன்ன 'ஒரே வம்சம்'. இதில் அவர் மனம் நோகாமல் நீங்கள் பேச வேண்டியிருக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை.

ஜெர்மன் பேசும் நாடுகளில் பரம்பரைக் குடும்பப் பெயர் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கு, மேற்கு நகரங்களில் தொடங்கி, அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் கிழக்கேயும் கிராமங்களுக்கும் பரவியது. ஊரில் பத்து ஹான்ஸ் இருந்தால் வரி வாங்குகிறவன் எப்படிப் பிரிப்பான்? மாவு அரைக்கிற ஹான்ஸ், மேட்டில் இருக்கிற ஹான்ஸ், செம்பட்டைத் தலை ஹான்ஸ். அடையாளத்துக்குச் சொன்னது பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டு பெயராயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. அடையாளம் காட்டுகிற சொல்தான் பெயராகும். ஊர் முழுக்கத் தேன் எடுக்கிறவர்களாக இருந்தால் 'தேன்காரன்' என்பது யாரையும் பிரித்துக் காட்டாது. நூறு உழவர்களுக்கு நடுவே ஒரே ஒரு தேன்காரன் இருக்கிற ஊரில்தான் அது பெயராக ஒட்டும். அப்படிப்பட்ட ஊர்கள் சாக்சனியிலும் சைலீசியாவிலும் பவேரியாவிலும் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் ஒரு ட்ஸைட்லர் குடும்பம் தனித்தனியாக முளைத்திருக்கிறது. அவர்களுக்குள் ரத்த உறவு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பெயர் ஒன்று, வேர் பல.

மில்லர் ஜெர்மனியின் மிகப் பரவலான பெயராக இருப்பதும் இதே விதியால்தான். மாவு மில் இல்லாத வட்டாரம் கிடையாது, மில்லுக்கு ஒரே ஒரு மில்காரன், நாடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சொல். குயவரைப் பாருங்கள். அவரும் எல்லா இடத்திலும் இருந்தார். ஆனால் தெற்கே ஹாஃப்னர், கிழக்கில் டப்ஃபர், வடமேற்கில் பெட்டர் என்று சொல் உடைந்து கிடந்ததால் எந்த ஒன்றும் மில்லர் அளவுக்குப் பெருகவில்லை. ட்ஸைட்லருக்கோ இரண்டு தடை. தேன் தரும் பெரிய காடு இருக்கும் இடங்களில் மட்டுமே தொழில். சொல்லும் எல்லா வட்டாரத்திலும் வழங்கவில்லை.

அப்படியானால் எவ்வளவு அபூர்வம்? ஜெர்மனியில் சில ஆயிரம் பேருக்கு இந்தப் பெயர் இருக்கும். உண்மையிலேயே அபூர்வமான பெயர்களோடு வைத்துப் பார்த்தால் இது நல்ல கூட்டம். ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூலுக்காக 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை எடுத்து ஆராய்ந்தபோது ஏறக்குறைய 8,50,000 வேறுபட்ட பெயர்கள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளில் மட்டும் இருப்பவை. அந்த வரிசையில் ட்ஸைட்லரை நடுத்தரமான, ஒரு வட்டாரத்துக்கு உரிய பெயர் என்று சொல்லலாம். மாமியாரிடம் 'அபூர்வமான தொழிலின் பெயர்' என்று சொல்லுங்கள். அது முழு உண்மை.

பெயர் குறைவாக இருப்பதை உயர்ந்த குலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை உடைக்கும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். 1874இல் இங்கிலாந்தில் கால்டன், வாட்சன் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். பெயர் ஆண் வழியில் மட்டும் போனால், ஒரு தலைமுறையில் பிள்ளை இல்லாமலோ பெண்கள் மட்டுமோ பிறந்தால் அந்தக் கிளை அதோடு முடியும். நூறு குடும்பத்தோடு தொடங்கினால் இருபது தலைமுறையில் பெரும்பாலானவை தாமாகவே அற்றுப்போகும். மிஞ்சியவை பெருகும். அதற்கு மேல் கொள்ளைநோய், போர். மிஞ்சியவர் மிஞ்சியதில் தகுதியைவிடத் தற்செயலுக்கே பங்கு அதிகம்.

உங்கள் அம்மாவின் கேள்விதான் எனக்கு இந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது. நம் ஊரில் தொழிலைச் சொன்னால் சாதி வந்துவிடும். ஆகவே அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஜெர்மனியில் தொழிற்பெயர் அப்படி வேலை செய்யவில்லை. பெயர் உறைந்த பிறகு தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. ஷ்மிட் என்றால் கொல்லர். அந்தப் பெயர் கொண்ட ஹெல்முட் ஷ்மிட் 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் சான்சலர். அவர் பெயரைக் கேட்டு யாரும் அவர் யாரைக் கல்யாணம் செய்யலாம், யார் வீட்டில் சாப்பிடலாம் என்று முடிவு செய்ததில்லை. உங்கள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ஃப்காங் ட்ஸைட்லர் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு 1983 முதல் 1987 வரை தலைவர். ஃபிராங்க் ட்ஸைட்லர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் மேயராக 1948 முதல் 1960 வரை இருந்தவர். எபர்ஹார்ட் ட்ஸைட்லர் என்ற பெயரில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் டொரண்டோவின் ஈட்டன் சென்டரை வடிவமைத்த கட்டடக் கலைஞர். இன்னொருவர் உங்கள் லைப்சிக்கிலேயே கணித மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைத் தொடங்கி வைத்த இயக்குநர். அம்மாவிடம் இந்த நால்வரையும் சொல்லுங்கள்.

ஆனால் ஜெர்மனியில் பிறப்பை வைத்து ஒதுக்கும் வழக்கமே இருந்ததில்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். கைவினைச் சங்கங்கள் சேர வருகிறவனிடம் 'நேர்மையான பிறப்பு'க்குச் சான்று கேட்டன. தூக்கிலிடுபவர், செத்த விலங்கின் தோல் உரிப்பவர் ஆகியோரின் பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள். பல இடங்களில் மேய்ப்பர், மில்காரர், லினன் நெசவாளர், பொதுக் குளியல் இல்லம் நடத்துபவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவு மூடியிருந்தது. 1548இல் பேரரசு இதைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1577இல் மறுபடி, 1731இல் மறுபடி. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு பிடிவாதமான வழக்கமாக இருந்திருக்கும், பாருங்கள். இந்த விலக்கு ஆளின் தொழிலையும் அவன் தகப்பன் தொழிலையும் பார்த்தது. மில்லர் என்று பெயர் வைத்துக்கொண்டு ரொட்டி சுட்டவனை அது தொடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தொழில் செய்யும் உரிமை எல்லாருக்கும் திறந்தபோது இந்த வழக்கத்துக்கு அடித்தளம் போய்விட்டது. ட்ஸைட்லர்கள் அந்த ஒதுக்கப்பட்ட வரிசையில் இருந்தவர்களும் இல்லை.

குடும்பச் சின்னம் வாங்காதீர்கள். ஜெர்மனியில் சின்னம் பெயருக்கு உரியதல்ல, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் உரியது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு ட்ஸைட்லர் சின்னம் வைத்திருந்திருக்கலாம். அவர் உங்கள் கணவரின் நேர் மூதாதை என்று ஆவணத்தோடு காட்டினால் ஒழிய, அதை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவது பக்கத்து வீட்டுத் தாத்தா படத்தை மாட்டுவதுபோலத்தான். அந்தப் பணத்துக்கு இரண்டு மூன்று பழைய பதிவுகளின் நகல் வாங்கலாம்.

அதற்கு வழி சொல்கிறேன். மாமனாரின் அப்பா பிறந்த ஊரின் பெயர்தான் முதல் சாவி. 'சைலீசியா' என்பது போதாது. கிராமத்தின் பெயர் வேண்டும், அதுவும் அன்றைய ஜெர்மன் பெயர். வீட்டில் பழைய காகிதங்களை எடுக்கச் சொல்லுங்கள். திருமணச் சான்றிதழ், ராணுவப் புத்தகம், தேவாலயம் கொடுத்த உறுதிப்பூசுதல் சீட்டு, எதிலாவது இருக்கும். அவற்றோடு 'ஆனென்பாஸ்' என்று ஒரு சிறு புத்தகமும் கிடைக்கலாம். கிடைத்தால் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறங்கள். 1930களில் நாஜி அரசு, யூதக் கலப்பு இல்லை என்று மக்களை நிரூபிக்க வைத்தது. அதற்காகப் பாட்டன் பாட்டி வரை பிறப்பு, திருமண விவரங்களைச் சேர்த்து எழுதிய புத்தகம் அது. எதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. அதிலுள்ள தேதிகளும் ஊர்களும் மட்டும், மூலப் பதிவோடு சரிபார்த்தால், தேடலுக்கு மிகவும் உதவும்.

ஊர் தெரிந்துவிட்டால், சைலீசியா அன்று பிரஷ்யாவில் இருந்ததால் 1874 அக்டோபரிலிருந்து அரசுப் பதிவு இருக்கும். போரில் தப்பிய பதிவேடுகளில் ஒரு பகுதி பெர்லினில் 'ஷ்டாண்டஸாம்ட் 1' என்ற பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது, பழையவற்றில் நிறைய போலந்தின் அரசு ஆவணக் காப்பகங்களில். 1874க்கு முன்னால் போக தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. அதற்கு நீங்கள் இருக்கும் ஊரைவிட நல்ல இடம் அமையாது. 1904இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் வம்சாவளி மையத்தின் சேகரிப்பு இன்று லைப்சிக் அரசு ஆவணக் காப்பகத்துக்குள் இருக்கிறது. கிழக்குப் பகுதிகளின் தேவாலயப் பதிவேடுகளைப் படமெடுத்த சுருள்களும் அங்கே உண்டு. பெயரின் விளக்கம் எழுத்தில் வேண்டுமானால் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை நிலையத்தைக் கேட்கலாம்.

பெயர் பரவிய வரைபடத்தைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் வரைபடம், 1945க்குப் பிறகு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டுச் சிதறிய பிறகான படம். உங்கள் கணவரின் தாத்தா அதில் சாக்சனிக்காரராகத்தான் தெரிவார். அதற்கு முந்தைய நிலையைக் காண முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள் நல்ல வழி. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று சிப்பாய்களின் பெயரும் ஊரும் அதில் இருக்கும். ஆர்வலர்கள் அதை இணையத்தில் தேடும்படி தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ட்ஸைட்லர் என்று தேடி, சைலீசிய ஊர்களைக் குறித்துக்கொண்டே போனால் பெயர் எங்கே அடர்ந்திருந்தது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். துக்கமான பட்டியல்தான், ஒவ்வொரு வரியும் ஒரு பையன்.

பதிவுகள் குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்தில் இருக்கும். உங்கள் கணவராலும் படிக்க முடியாது. அதில் சில உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் இரட்டைப் பிள்ளைபோல இருக்கும். பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், பயப்பட வேண்டாம். பெண்களின் பெயரைத் தேடும்போது ஒரு விஷயம்: 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பின்னால் 'இன்' சேர்ப்பார்கள். ட்ஸைட்லர் வீட்டுப் பெண் 'ட்ஸைட்லரின்' என்று இருப்பாள். தமிழ்க் காதுக்கு அது ஏதோ வேற்றுமை உருபு மாதிரி, 'ட்ஸைட்லருடைய' என்று கேட்கும். எனக்கு இன்றும் அப்படித்தான் கேட்கிறது.

குழந்தையின் பெயர் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே 1 முதல் ஜெர்மன் பெயர்ச் சட்டம் மாறியிருக்கிறது. பெற்றோர் இருவரின் பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு இரட்டைக் குடும்பப் பெயராக வைக்கலாம். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது பெரும்பாலும் உங்கள் அப்பாவின் பெயராக இருக்கும். அதையும் பிள்ளைக்குக் கொடுக்க விருப்பமானால், பிரசவத்துக்கு முன்பே ஷ்டாண்டஸாம்டில் கேட்டு வையுங்கள். எந்தக் காகிதம், யாருடைய மொழிபெயர்ப்பு வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டும்போது யோசிக்க நேரம் இருக்காது.

குழந்தை பிறந்து பயணம் செய்ய முடிகிற வயது வந்ததும் ஃபாய்ஹ்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நியூரம்பர்க்கிலிருந்து உள்ளூர் ரயிலில் பக்கம்தான். ட்ஸைட்லர் தொழிலுக்கென்றே அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு முன்பே மாமனாரின் அப்பா பிறந்த கிராமத்தின் பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது பழைய காகிதத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை மாற்றாமல், ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள். முதல் பதிவை நானே படித்துச் சொல்கிறேன்.